டாக்டர் ஹூ: பழைய எபிசோடுகளைத் தொடுவது எப்போது கதைக்கு உதவுகிறது, எப்போது கெடுக்கிறது?

நீலப்பெட்டி

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. 1989இல் நின்றது, 1996இல் ஒரே ஒரு டிவி படம் வந்தது, 2005இல் மறுபடி தொடங்கியது. இத்தனைக்கும் கதை ஒன்றுதான், காலப்பயணியான டாக்டரும் ஒருவர்தான், சாகும் நேரத்தில் ரீஜெனரேஷன் என்று உடம்பு மாறி வேறு நடிகர் வருவதால் முகம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. இப்படிப்பட்ட தொடரில் பழையதைத் தொடாமல் எழுதவே முடியாது. எப்படித் தொடுவது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

பழைய எபிசோடைப் பார்க்காத ஒருவருக்கும் அந்தக் காட்சி முழுசாக வேலை செய்ய வேண்டும். பார்த்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கட்டும், தப்பில்லை. ஆனால் பார்க்காதவருக்கு வாசலிலேயே கதவு சாத்தப்படுகிறது என்றால் அந்தக் குறிப்பு கதைக்குள் வந்திருக்கவே கூடாது.

2006இல் வந்த 'ஸ்கூல் ரீயூனியன்' நல்ல உதாரணம். டாக்டரின் பழைய பயணத் தோழி சாரா ஜேன் ஸ்மித்தாக எலிசபெத் ஸ்லேடன் திரும்பி வருகிறார். இரவில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கதவைத் திறக்கிறார், உள்ளே டாக்டரின் காலப்பயண வாகனமான டார்டிஸ் நிற்கிறது. வாயில் வார்த்தையே வரவில்லை, அப்படியே பின்னால் நகர்ந்து வெளியே வருகிறார், திரும்பினால் அப்போதைய டாக்டர் டேவிட் டென்னன்ட் நிற்கிறார். சாராவுக்குத் தெரிந்த டாக்டரின் முகம் இது இல்லை, ஆனாலும் புரிந்துவிடுகிறது. உனக்காகக் காத்திருந்தேன், நீ வரவே இல்லை, செத்துப்போயிருப்பாய் என்று நினைத்தேன் என்று சொல்கிறார். சாரா யார் என்றே தெரியாதவருக்கும் இந்தக் காட்சி தொண்டையை அடைக்கும், ஏனென்றால் அந்த எபிசோடின் உண்மையான கேள்வி அப்போது டாக்டரோடு பயணம் செய்த ரோஸுடையது: நாளைக்கு என்னையும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவாயா?

பழையதைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் ஒன்று வைத்திருக்கிறார்கள். 1976 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' கடைசிக் காட்சியில் டாக்டர் சாராவைக் குராய்டனில் இறக்கிவிட்டதாக நினைத்துப் போய்விடுவார். சாரா தெருவைச் சுற்றிப் பார்ப்பார், நம்ம தெரு இல்லையே, தெற்குக் குராய்டன்கூட இல்லை போலிருக்கே என்று தோன்றும், அதோடு முடிந்துவிடும். எந்த ஊர் என்று சொல்லவே இல்லை. 30 வருஷம் கழித்து இந்த எபிசோடில் சாரா பதில் சொல்கிறார், அது அபர்டீன். லண்டனுக்குப் பக்கத்தில் இறக்கவேண்டியவரை ஸ்காட்லாந்தில் இறக்கியிருக்கிறார்!

இதற்கு நேர் எதிர், 1985 ஜனவரியில் வந்த 'அட்டாக் ஆஃப் தி சைபர்மென்'. ஹாலி வால்நட்சத்திரத்தைப் பூமி மேல் மோதவிட்டு, 1986இல் தங்கள் கிரகமான மொண்டாஸ் அழிவதைத் தடுப்பது, உடம்பை இயந்திரமாக்கிக்கொண்ட சைபர்மேன்களின் திட்டம். மொண்டாஸ் எப்படி அழிந்தது என்பது 1966இல் வந்த 'தி டென்த் பிளானட்' கதை. டெலோஸ் கிரகத்துக் கல்லறைகள் 1967 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதை. நடுவில் வரும் லிட்டன் என்ற ஆள் முந்தைய வருஷம் வந்த, டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் கதையிலிருந்து வந்தவர். போதாக்குறைக்கு டார்டிஸ் 1963இன் முதல் எபிசோடில் நின்ற அதே 76 டாட்டர்ஸ் லேன் பழைய இரும்புக் கடையில் போய் இறங்குகிறது, அங்கே இறங்கியதால் கதையில் ஒரு புல்லும் அசையவில்லை. 1985இல் சனிக்கிழமை சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்த பத்து வயதுப் பிள்ளை 1966இல் பிறந்திருக்கவே இல்லை. அந்தக் கதைகளைத் தேடிப் பார்க்கவும் வழி கிடையாது, 'டூம்' கதையின் பிரதியே அப்போது பிபிசியிடம் இல்லை.

தொடரை அந்தக் காலத்தில் பலவீனமாக்கியது இந்தப் பழக்கம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய டேப்

அண்ணா, 'ஸ்கூல் ரீயூனியன்' பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன். ஆனால் 1985 பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியாது.

'அட்டாக்' முதல் பாகத்தை பிரிட்டனில் 90 லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் பார்த்தார்கள். குறிப்புகள் விரட்டியடித்த கூட்டம் அது இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைத்தது பிபிசி நிர்வாகத்தின் முடிவு. பணமும் ஒரு காரணம், அப்போது பிபிசி1 சேனலின் தலைவராக இருந்த மைக்கேல் கிரேடுக்குத் தொடரே பிடிக்காது என்பதும் ஊரறிந்த விஷயம். அப்புறம் 1987இலிருந்து 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' ஓடுகிற அதே நேரத்தில் போட்டார்கள். பிரிட்டனில் மிக அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்றுக்கு எதிரில் எதைப் போட்டாலும் அடிபடத்தான் செய்யும். இதற்கெல்லாம் டெலோஸ் கல்லறையைப் பிடித்து உலுக்குவது நியாயமா?

இன்னொன்று. பார்க்க முடியாத கதையைப் பற்றிப் பேசினால் சிறுவனுக்குப் புரியாது என்கிறீர்கள். எனக்கு அது ஒரு வரமாகத் தெரிகிறது. அந்தக் காலத்து ரசிகர்களுக்கு, எபிசோடுகளை நாவலாக்கி டார்கெட் பதிப்பகம் போட்ட புத்தகங்கள்தான் பழைய எபிசோடு. டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய மெல்லிய புத்தகங்கள், அட்டையில் ஒரு ராட்சசன், உள்ளே நூற்றைம்பது பக்கத்துக்குள் முழுக் கதை. 'டூம்' கதையைப் புத்தகத்தில் படித்துவிட்டு, அந்தக் கல்லறைகள் எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொண்டே வளர்ந்தார்கள். 1991 கடைசியில் ஹாங்காங்கில் ஃபிலிம் பிரதி கிடைத்து, 1992இல் வீடியோ கேசட்டாக வந்தபோதுதான் கண்ணால் பார்த்தார்கள். நாம் பார்க்காத ஒரு பெரிய காலம் இந்த ஆளுக்குப் பின்னால் இருக்கிறது என்ற உணர்வு இருக்கிறதே, அது இல்லாவிட்டால் டாக்டர் வெறும் வழிப்போக்கன்.

தேன்மொழி

ரெண்டு பேர் சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நீலப்பெட்டி டாட்டர்ஸ் லேன் பற்றிச் சொன்னதும் என் மனசு நேராக 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' பக்கம் போய்விட்டது. 1988இல், 25ஆம் ஆண்டில் வந்தது. பழைய குறிப்புகளை எண்ணிப் பார்த்தால் 'அட்டாக்'கைவிடக் குறைச்சல் இல்லை. அதே இரும்புக் கடை, அதே கோல் ஹில் பள்ளிக்கூடம், அதே 1963 நவம்பர். முதல் எபிசோடில் அங்கே படிக்கிற டாக்டரின் பேத்தி சூசன் கையில் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய ஒரு புத்தகம் இருக்குமே, அதை இங்கே வகுப்பறையில் டாக்டரின் தோழி ஏஸ் எடுத்துப் புரட்டுகிறாள். ஆனால் யாரும் நின்று, இது தெரியுமா, அது ஞாபகம் இருக்கா என்று விளக்கவே இல்லை. ஏஸுக்கு அது மேசையில் கிடக்கிற ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், 1963க்கு எதற்காகப் போனார்கள் என்பது. ஆண்டு விழா கொண்டாட மட்டும் போகவில்லை. ஏஸ் தங்கியிருக்கிற வீடு ஒரு அம்மா நடத்துகிற விடுதி. டிவி ஓடிக்கொண்டிருக்கிற அறை, ஜன்னல் ஓரம், அங்கே ஒரு அட்டை தொங்குகிறது. ஏஸ் அதைத் திருப்பிப் பார்க்கிறாள். கறுப்பின மக்களுக்கு இங்கே இடமில்லை என்று எழுதியிருக்கிறது. அவள் முகத்தை மட்டும் பாருங்கள், அதன் பிறகு அந்த வீட்டில் அவளால் நிற்க முடியாமல் வெளியே கிளம்புகிறாள். அந்தக் கதையில் டாலெக்குகள் ரெண்டு கூட்டமாகப் பிரிந்து, எவன் ரத்தம் சுத்தம் என்று அடித்துக்கொள்கின்றன. அந்த அட்டையும் அந்தச் சண்டையும் ஒரே விஷயம். தொடர் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய், அந்த வருஷம் எப்படிப்பட்டது என்று நேர்மையாகக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்து பழைய எபிசோடை இவ்வளவு பெரிய காரணத்துக்காகத் தொட்டது வேறு எதுவும் இல்லை.

அதே டிவியில் சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் புதிய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை அறிவிக்கத் தொடங்குவார்கள், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காட்சி வெட்டிவிடும். என்ன ஒரு அழகு!

நீலப்பெட்டி

தேன்மொழி, அந்த அட்டைக் காட்சியை இப்படி டாலெக் சண்டையோடு சேர்த்துச் சொன்னதற்கு நன்றி. என் அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பழைய டேப் தம்பி, நிர்வாகமும் ஒளிபரப்பு நேரமும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் கதை தனக்குள்ளேயே சுருங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் விடமாட்டேன். 1983இல் 20ஆம் ஆண்டு என்று ஒவ்வொரு கதையிலும் ஒரு பழைய ஆளையோ பழைய எதிரியையோ கொண்டுவந்தார்கள். அது கொண்டாட்டம், சரி. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

ராகவன் கோவை

நீங்கள் எல்லாரும் உணர்ச்சி பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குக் கணக்குதான் முதலில் வேண்டும். பழைய எபிசோடைத் தொட்டால் சரியாகத் தொட வேண்டும். வேற்றுலக ஆபத்துகளைச் சமாளிக்கும் ராணுவப் படையான யூனிட் வரும் கதைகள் எந்த வருஷத்தில் நடக்கின்றன என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் ட்ராவர்ஸ் என்ற பேராசிரியர், எட்டி என்ற ராட்சதப் பனிமனிதர்களை முதலில் பார்த்து நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது என்கிறார். முதலில் பார்த்தது 1935. அப்படியானால் இது 1975க்குப் பிறகு. 'தி இன்வேஷன்' அதற்கு நாலு வருஷம் கழித்து என்று யூனிட்டின் தலைவரான பிரிகேடியரே சொல்கிறார், ஆக 1979 வாக்கில். 1975இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் சாரா தான் 1980லிருந்து வருவதாகச் சொல்கிறார். இதுவரை ஒழுங்காகத்தான் போகிறது. 1983 'மாட்ரின் அன்டெட்' வந்து மொத்தத்தையும் உடைத்துவிட்டது. அதில் 1977இல், எலிசபெத் ராணியின் வெள்ளிவிழா நடக்கும்போதே, பிரிகேடியர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்! 1980இல் சாராவோடு யூனிட்டில் வேலை பார்த்தவர் எப்படி 1976இலேயே ஓய்வுபெறுவார்? இதை எழுதியவர்கள் ஒரு தடவை பழைய திரைக்கதையைப் புரட்டியிருந்தால் போதும்.

அட்லாண்டிஸையும் விடக் கூடாது. 1967இல் ஒரு தடவை, 1971இல் ஒரு தடவை, 1972இல் ஒரு தடவை, மூன்று கதைகளில் அது அழிந்ததற்கு மூன்று காரணம். இதில் கடைசி ரெண்டும் அடுத்தடுத்த வருஷம், எழுதிய குழுவும் ஒன்றே.

அகிலா

ராகவன், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 'மாட்ரின் அன்டெட்' எப்படி அப்படி ஆயிற்று என்பது நல்ல கதை. அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் வேடம் முதலில் இயன் செஸ்டர்டனுக்காக யோசித்தது. 1963இல் கோல் ஹில்லில் அறிவியல் பாடம் எடுத்தவர், அவர் இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருப்பது எவ்வளவு பொருத்தம்! இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலால் வர முடியவில்லை. அந்த இடத்தில் நிக்கலஸ் கோர்ட்னியின் பிரிகேடியரைப் போட்டார்கள். இயனுக்காகப் போட்ட வருஷங்கள் அப்படியே தங்கிவிட்டன. இயன் என்றால் 1977 யாரையும் உறுத்தியிருக்காது.

ஆனால் பாருங்கள், அந்தத் தப்பால் கிடைத்தது என்ன என்று. ஒரே பிரிகேடியர் ரெண்டு வருஷத்தில், 1977இல் மீசையோடு விறைப்பாக, 1983இல் ஞாபகத்தில் ஒரு துண்டு காணாமல்போய், டாக்டரையே மறந்தவராக. டார்டிஸ் என்ற பேச்சு வந்ததும் பழைய கதைகளின் காட்சித் துணுக்குகள் வரிசையாக வந்து அவருக்கு எல்லாம் திரும்புகிறது. அந்தத் துணுக்குகளில் யார் யார் என்று தெரியாவிட்டாலும், ஒரு மனுஷனுக்குத் தொலைந்த வாழ்க்கை திரும்பக் கிடைக்கிறது என்பது யாருக்கும் புரியும். இதற்காக நான் நாலு வருஷக் கணக்கு உதைப்பதைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்வேன்.

பிற்பாடு எழுதியவர்களும் இதைக் கண்ணியமாகவே ஏற்றுக்கொண்டார்கள். 2013 'தி டே ஆஃப் தி டாக்டர்' படத்தில் பிரிகேடியரின் மகள் கேட் ஒரு பழைய கோப்பைக் கேட்கும்போது, எழுபதுகளோ எண்பதுகளோ, எந்தத் தேதி முறையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பாள். அந்தக் கோப்பின் பெயர் குரோமர். 'தி த்ரீ டாக்டர்ஸ்' கதையில் வேற்றுலகத்தில் நின்றுகொண்டு இது குரோமர் கடற்கரைதான் என்று பிரிகேடியர் அடித்துச் சொல்வாரே, அதிலிருந்து வந்தது. மகள் தேடுவது அப்பாவின் கோப்பு. நிக்கலஸ் கோர்ட்னி 2011இல் காலமாகிவிட்டார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும்!

ராகவன் கோவை

அக்கா, இயன் விஷயம் சரி. ஆனால் காரணம் தெரிந்தால் தப்பு சரியாகிவிடாது. கணக்கு மதிக்கப்பட்டால் அதிலிருந்தே நல்ல கதை பிறக்கும் என்பதற்கும் இதே தொடரில் சாட்சி இருக்கிறது. 1976 'தி டெட்லி அசாசின்' ஒரு டைம் லார்டுக்கு, அதாவது டாக்டரின் இனத்தவருக்கு, பன்னிரண்டு ரீஜெனரேஷன்தான் என்று சொன்னது. அப்போது நாலாவது டாக்டர், டாம் பேக்கர் காலம். அந்த எண் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் தொடர் அதை மறக்கவில்லை. 2013இல் ஜான் ஹர்ட்டின் போர்க்கால டாக்டரை எண்ணினார்கள், 2008இல் டென்னன்ட் முகம் மாறாமல் செலவழித்த ரீஜெனரேஷனையும் விடாமல் எண்ணினார்கள், எண்ணிப் பார்த்தால் மேட் ஸ்மித்தின் டாக்டர்தான் கடைசி. அதனால்தான் 'தி டைம் ஆஃப் தி டாக்டர்' கதையில் அவர் ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான வருஷம் நின்று கிழவனாகிறார். இனி முகம் மாறாது, இங்கேயே சாகப்போகிறோம் என்று தெரிந்தும் ஊரை விட்டுப் போகவில்லை. அந்தக் கிழட்டு முகத்துக்கு அவ்வளவு கனம் வந்தது பழைய எண்ணை மதித்ததால்தான். அந்த எண்ணை உதறியிருந்தால் கிறிஸ்துமஸ் எபிசோடு இன்னொரு சண்டையாகப் போயிருக்கும்.

பழைய டேப்

ராகவன், இது அருமை. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொடுத்த 'தி டெட்லி அசாசின்' வெளியானபோது, அன்றைய ரசிகர் சங்கத் தலைவரே அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1969 'தி வார் கேம்ஸ்' கதையில் பார்த்த டைம் லார்டுகள் தெய்வம் மாதிரி இருந்தார்கள், இங்கே பதவி பற்றிப் பேசுகிற வயசான அரசியல்வாதிகளாக இருக்கிறார்களே, தொடர்ச்சியே போய்விட்டதே என்பதுதான் புகார். ராபர்ட் ஹோம்ஸ் பழையதை உடைத்துத்தான் அதை எழுதினார். நாம் இன்றைக்கு அசைக்கக் கூடாது என்று பிடித்துவைத்திருக்கும் விதி, அன்றைக்கு விதியை மீறிய கதையில் வந்தது.

மூன்றாம் டாக்டர் ரசிகன்

இதை வைத்து 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' (2020) கதைக்கும் நியாயம் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ். ஹார்ட்னல் நடித்த டாக்டர்தான் முதல் டாக்டர். 1983 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' கதையில் அவர் வாயாலேயே, நான்தான் அசல் என்று சொல்லவைத்தார்கள். அவருக்கு முன்னால் கணக்கில்லாத முகங்கள் இருந்தன, ஞாபகத்தை அழித்துவிட்டார்கள் என்று ஒரே எபிசோடில் மாற்றினால், ஊரைவிட்டு ஒரு பழைய பெட்டியைத் திருடிக்கொண்டு ஓடிவந்த சாதாரண ஆள் என்பது போய், பிறப்பிலேயே பெரிய ஆள் என்றாகிவிடுகிறது. எனக்கு அந்த ஓடிவந்த ஆளைத்தான் பிடிக்கும்.

நீலப்பெட்டி

ரசிகன், உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த விதை 1976லேயே விழுந்தது. 'தி பிரெயின் ஆஃப் மார்பியஸ்' கதையில் ரெண்டு பேர் மனசால் மோதுகிற போட்டி, திரையில் டாக்டரின் முகங்கள் பின்னோக்கிப் போகின்றன. டாம் பேக்கர், பெர்ட்வி, ட்ரௌட்டன், ஹார்ட்னல், அதற்குப் பிறகும் நிற்காமல் இன்னும் எட்டு முகம். அதெல்லாம் தயாரிப்புக் குழுவில் இருந்தவர்களே வேஷம் கட்டி எடுத்த படங்கள், தயாரிப்பாளர் ஹிஞ்ச்கிளிஃப், ஹோம்ஸ் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஹார்ட்னலுக்கு முந்தைய டாக்டர்கள் என்றுதான் அன்றைக்கே நினைத்து வைத்தார்கள்.

ஆகவே முரண்பாடு என் பிரச்சினை இல்லை. 2020 எபிசோடில் அந்தப் பெரிய செய்தியை டாக்டரின் எதிரியான இன்னொரு டைம் லார்டு, மாஸ்டர், நின்று சொல்கிறார், டாக்டர் டைம் லார்டுகளின் ஞாபகக் களஞ்சியமான மேட்ரிக்ஸுக்குள் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டராக நடித்த ஜோடி விட்டேக்கருக்கு அந்த இடத்தில் செய்வதற்கு எதுவுமே கொடுக்கவில்லை. பழைய முகங்களைப் பார்த்தே இராத ஒருவர் அந்த நிமிஷங்களில் எதைப் பிடித்துக்கொள்வார்? எட்டு முகமும் தெரிந்த எனக்கே அது பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

ஷிவானி05

நான் 2005இலிருந்து வந்த எபிசோடுகள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பழையது எதுவும் தெரியாது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு 'யூடோபியா' (2007) போதும். புரொஃபசர் யானாவின் பழைய பாக்கெட் கடிகாரத்தை டாக்டரின் தோழி மார்த்தா பார்க்கிற இடம். சில வாரம் முன்னால் 'ஹியூமன் நேச்சர்' கதையில் டாக்டர் தன்னையே அந்த மாதிரி கடிகாரத்துக்குள் பூட்டிவைத்ததை மார்த்தா பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள், நாமும் பார்த்திருக்கிறோம். அவள் முகம் வெளிறுகிறது, நமக்கும் அதே நொடியில் புரிகிறது. நீ தனி ஆள் இல்லை என்று ஃபேஸ் ஆஃப் போ என்ற பழங்கால உயிர் சாகும்போது டாக்டரிடம் சொன்னதும் அந்த இடத்தில் வந்து சேருகிறது. டெரெக் ஜாக்கோபி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு குரல்களைக் கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

தேன்மொழி

ஷிவானி, அந்தக் கடிகாரத்திலிருந்து கேட்கிற குரல்கள் யாருடையவை என்று தெரியுமா? ஒன்று ரோஜர் டெல்காடோ, 1971இல் முதல் மாஸ்டராக நடித்தவர், 1973இல் துருக்கியில் கார் விபத்தில் இறந்துபோனார். இன்னொன்று ஆண்டனி ஐன்லியின் சிரிப்பு, எண்பதுகளின் மாஸ்டர், அவரும் 2004இல் காலமானார். ரெண்டு பேருடைய பழைய ஒலிப்பதிவையும் எடுத்துக் கோத்திருக்கிறார்கள். நீங்கள் தெரியாமலேயே நடுங்கினீர்கள், தெரிந்தவர்களுக்கு யானாதான் மாஸ்டர் என்பது கடிகாரம் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

ஷிவானி05

இல்லை அக்கா, தெரியாது! இப்போதே போய் மறுபடி கேட்கிறேன்.

ராகவன் கோவை

சமீபத்திய கதைகளை யாரும் தொடவில்லையே. சுடெக் எப்படி இருந்தது உங்களுக்கு? அந்த வில்லன் முதலில் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' எனக்கு உயிர். 2024இல் அதே கேப்ரியல் வுல்ஃபின் குரலோடு, 49 வருஷம் கழித்து, சுடெக்கைக் கொண்டுவந்தார்கள். குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் 'எம்பயர் ஆஃப் டெத்' பார்த்தபோது ஏமாற்றம். 1975இல் டாக்டர் அவனைக் காலச் சுரங்கத்தில் மாட்டி, ஆயிரக்கணக்கான வருஷம் தள்ளிவிட்டு முடித்தார். அவன் அப்போதிருந்தே டார்டிஸைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான் என்றால், நடுவில் நடந்த எல்லாக் கதையிலும் அவன் சும்மா தொங்கிக்கொண்டா இருந்தான்?

அகிலா

எனக்கும் அதே ஏமாற்றம், ஆனால் காரணம் வேறு. 1975 சுடெக் நாற்காலியை விட்டு அசையாதவன். முகமூடி, மெதுவான குரல், அவ்வளவுதான், அதிலேயே பயமுறுத்தினான். டாக்டர் சாராவை 1980க்குக் கூட்டிப்போய், இப்போது 1911ஐ விட்டுப் போனால் உன் உலகம் இப்படித்தான் இருக்கும் என்று வெளியே பாழாய்ப்போன பூமியைக் காட்டுகிற காட்சி, முழுத் தொடரிலும் காலப்பயணத்தின் பொறுப்பை இவ்வளவு தெளிவாகச் சொன்ன காட்சி வேறு இல்லை என்பேன். 2024இல் பெரிய கிராபிக்ஸ் மிருகமாகிவிட்டான், அவன் எதை நினைத்துக் கோபப்படுகிறான் என்று புதிதாக வந்தவருக்குப் புரியவே இல்லை. பெயர்தான் திரும்பி வந்தது, பயம் வரவில்லை.

மறு வருஷமே வந்த 'தி வெல்' அதைச் சரியாகச் செய்தது. சுரங்கத்தில் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள், காது கேளாத அலிஸ் ஒருத்தி மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது, நேர் பின்னால் போனவன் தூக்கியெறியப்பட்டுச் சாகிறான். பாதி எபிசோடு வரை இது எந்தப் பழைய கதையோடும் சம்பந்தமில்லாத புதுக் கதை. ஒரு காலத்தில் இங்கே வைரம் எடுத்தார்கள், எக்ஸ்டானிக் கதிர் வீசும் சூரியன் என்று பேச்சு வந்ததும் டாக்டராக நடித்த சூட்டி கட்வாவின் முகம் மாறுகிறது. 2008 'மிட்நைட்' கிரகம் இது, நாலு லட்சம் வருஷம் கழித்து. அந்தக் கதையில் டாக்டரின் வாயையே பிடுங்கிக்கொண்ட, பெயரும் உருவமும் இல்லாத அந்த ஒன்று. பழையதைப் பார்க்காதவருக்கு, எதற்கும் அஞ்சாத ஆள் இப்படி அஞ்சுகிறாரே என்ற பயம். பார்த்தவருக்கு அந்தப் பேருந்துக்குள் நடந்தது முழுக்கத் திரும்பி வரும். அது என்னவென்று கடைசிவரை தெளிவாகக் காட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை.

நீலப்பெட்டி

அகிலா சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். மிட்நைட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம் என்று முதலில் நினைத்தவர்கள் பலர், அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 'மிட்நைட்' கதையில் கடைசியில் அந்த விருந்தோம்பல் பெண் எல்லாரையும் காப்பாற்றிச் சாகிறாள், அவள் பெயர் என்ன என்று டாக்டர் கேட்கிறார், யாருக்கும் தெரியவில்லை. அந்த வெறுமையை ஒரு தொடர்கதை நிரப்பிவிடக் கூடாது. 'தி வெல்' அவளைத் தொடவில்லை, பெயர் வைக்கவில்லை. எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதற்காகவும் அதை மதிக்கிறேன்.

மூன்றாம் டாக்டர் ரசிகன்

மேலே அகிலா இயன் பற்றிச் சொன்னதால் இது. 1983இல் வர முடியாத வில்லியம் ரஸ்ஸல் 2022 'தி பவர் ஆஃப் தி டாக்டர்' கடைசியில் வந்தார். டாக்டரோடு பயணம் போய்த் திரும்பியவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற கூட்டம், கேமரா மெதுவாகத் திரும்பினால் இயன் செஸ்டர்டன். டாக்டர் இப்போது பெண் என்று பேச்சில் தெரிந்ததும் நிமிர்ந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்கிறார். அவர் தொடரைவிட்டுப் போனது 1965. 57 வருஷ இடைவெளிக்குக் கின்னஸ் சாதனை கொடுத்தார்கள். 2024இல் 99 வயதில் காலமானார். யாரென்றே தெரியாத என் அண்ணன் மகள்கூட, அந்தத் தாத்தா டாக்டரை ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை போல என்று சொன்னாள். சரியாகத்தானே சொன்னாள்!

ஷிவானி05

இதையெல்லாம் படித்ததும் பழையதைப் பார்த்தே தீர வேண்டும் போலிருக்கிறது. 1963லிருந்து வரிசையாகவா, இல்லை வேறு வழி இருக்கிறதா? அறுபதுகளின் எபிசோடுகளில் நிறைய அழிந்துவிட்டன என்கிறார்களே.

பழைய டேப்

வரிசையாக வேண்டாம் தங்கச்சி. அறுபதுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் காணாமல் போனவை, நடுநடுவே ஓட்டை விழும். 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' தொடங்குங்கள், நாலு பாகம், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம், முன்கதை எதுவும் தேவையில்லை. பிறகு 'தி ஹேண்ட் ஆஃப் ஃபியர்' பார்த்துவிட்டு நேராக 'ஸ்கூல் ரீயூனியன்' போடுங்கள்.

ராகவன் கோவை

'பிரமிட்ஸ்' பார்க்கும்போது சாரா 1980 என்று சொல்கிற இடத்தைக் கவனித்து வையுங்கள். 'மாட்ரின் அன்டெட்' வந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று.